அப்பாவின் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை

ஒரு கிழமையாக அப்பாவின் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

பற்றரி நல்லது. பிளக்கும் நல்லது. ஆனால் தீப்பொறி வரவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“அக்கா, உள்ளுக்குச் சுத்துற ரோட்டர் துண்டு இல்லை. ஆரோ கழட்டி எடுத்திருக்கினம்.”

அம்மா என்னைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

“நான்தான் எடுத்தனான், பிள்ளை. போன கிழமை அப்பா காரோட நிலாவெளி ஊரில நிண்டு, எங்கட வீட்டுக்கே வழி கேட்டவராம். இனி அவரைக் கார் ஓட விட ஏலாது. கள்ளர் காரைக் கொண்டுபோகாம இருக்க, இதைக் கழட்ட அவர்தான் எனக்குப் பழக்கினவர்.”

வெளியே அப்பா காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். மெக்கானிக்கிடம் விஷயத்தை மெல்லச் சொன்னேன். அவர் பொனட்டை மூடினார்.

“ஐயா, ஒரு சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும்.”

“ஓம் தம்பி, வரட்டும்,” என்றார் அப்பா. காரை விட்டு இறங்கவில்லை.

நாளைக்கும் கேட்பார். அப்பாவிடம் பொய் சொல்லிப் பழகியவர்கள் இருந்தால், எப்படி என்று எனக்கும் சொல்லித்தாருங்கள்.