அக்கா அணைத்த பொயிலர்

அக்காவின் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது, வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணீரும் தருகிற பொயிலர். அதன் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடித் துளை. குனிந்து பார்த்தால் உள்ளே விரல்நுனி அளவில் ஒரு நீலச் சுடர் தெரியும். எண்பதுகளின் கடைசியில், இலண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், அந்த வீட்டின் முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அக்கா கூடப் பிறந்தவர் அல்ல, இலண்டன் எனக்குத் தந்த அக்கா. காலையில் எழுந்தால் சாமிப் படத்தைக் கும்பிட முன்னமே அந்தத் துளையைத்தான் பார்ப்பார். "கிடக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் தேநீருக்குக் கேத்தில் வைப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் கூரைக்குக் கீழிருந்த குழாய் உறைந்து வெடித்து, படுக்கையறைக் கூரைத்தட்டு ஊறி விழுந்ததாம். பெட்டியிலிருந்த கூறைச்சேலையும் அதில் நாசமானது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். அக்கா நேர்மாறு, அதன் பிறகு பொயிலரைவிட்டு அகலவேயில்லை. பனி விழத் தொடங்கினால் ஏணி வைத்து ஏறி, தன் கணவரான அத்தானின் பழைய சாரங்களைக் கிழித்துக் குழாய்களுக்குச் சுற்றிக் கட்டுவார். வீட்டுச் சூடு மேலேயும் போகட்டும் என்று கூரைக்குள் ஏறுகிற மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பார். கோயிலுக்குப் போய்வரும் நேரத்துக்குக்கூடச் சூட்டை முற்றாக நிறுத்த விடமாட்டார். "எனக்கு உடுக்கச் சாரமில்லை, குழாய்க்கு மூண்டு சுத்து" என்று அத்தான் நக்கலடிப்பார். பொயிலர் திருத்த வந்தவன் சொல்லிவிட்டுப் போன ஒரு எச்சரிக்கையை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அக்கா தேவாரம் போல ஒப்புவிப்பார்: "குழாய் உறைஞ்சு கிடக்கேக்கை பொயிலரை மூட்டக்கூடாது. வெடிச்சுப் போம்."

அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் அதைத் தன் கையால் அணைத்தார். வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தது. கொழும்பிலிருந்து ஓர் உறவினர் தொலைபேசியில் வந்தார். யாழ்ப்பாணத்தில் அக்காவின் தகப்பனார் தவறிவிட்டார், ஊரடங்கு, எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. அவ்வளவுதான் கேட்டது, இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை சுழற்றியும் கிடைக்கவில்லை. அக்கா அழவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பின் திருகுகளைத் துடைத்து மூடினார். பிறகு பொயிலரின் திருகையும் திருப்பிவிட்டார். நீலச் சுடர் ஒருமுறை துடித்து அணைந்தது.

பிரேதம் எரியும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அது எங்கள் வழக்கம், நான் அறியாததல்ல. அயலவர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். டூட்டிங்கிலிருந்து ஒரு குடும்பம் புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்தது. ஆனால் பொயிலரும் அடுப்புத்தான் என்று யார் சொன்னது? அத்தான் தன்மையாகத்தான் கேட்டார். "இஞ்சை பாரும், செத்தவீடு அங்கையல்லோ?" அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நான் போகேலாமல் கிடக்கிறன். ஐயாவுக்கு எண்டு என்னாலை செய்ய ஏலுமானது இது ஒண்டுதான். இதையும் விடச் சொல்லுறியளோ?" அத்தான் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அக்காவின் மூன்று மாதக் குழந்தை இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. வேறு ஹீட்டர் கிடையாது. குழந்தையை என் கம்பளிச் சட்டைக்குள் வைத்து, அதன் மேல் போர்வைகளைக் குவித்துக்கொண்டு கிடந்தோம். பாலுக்கு மட்டும் மின்சாரக் கேத்திலை அக்கா அனுமதித்தார், அதில் சுடர் இல்லையாம். விடிந்தபோது குழந்தையின் கைகள் ஐஸ் போல இருந்தன. வழக்கமாகப் பசிக்கு வீட்டைத் தலைகீழாக்குகிற பிள்ளை அன்று அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதையை உயிரோடு இருக்கிற பிள்ளையிடமிருந்தா பறிப்பது? கேட்க வாயெடுத்தபோது அக்கா குழாயைத் திறந்தார். இரண்டு சொட்டு விழுந்தது, பிறகு ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தான் வேலையால் வந்தார். குழந்தையின் கையைத் தொட்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே பொயிலரடிக்குப் போய்த் திருகில் கை வைத்தார். அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "விடும்! என்ரை பிள்ளை விறைச்சுப்போய்க் கிடக்குது!" அத்தான் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒருநாள்தான். அக்கா பிடியை விடவில்லை. "ஐயாவுக்காகச் சொல்லேல்லை. மேலை குழாய் உறைஞ்சு கிடக்குது. இப்ப மூட்டினால் எல்லாரும் போய்ச் சேருவம்." அத்தானின் கை தானாகக் கீழே இறங்கியது. அக்கா ஒருவரால் அன்று எல்லோரும் விறைத்தோம், அவர் ஒருவரால்தான் பிழைத்தோம். இரண்டுமே உண்மை.

குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு ஓடினேன். அந்த ஆங்கிலேயக் கிழவி ஒரு கேள்வியும் கேட்காமல் நெருப்படியில் இடம் விட்டாள். நான் திரும்பி வந்தபோது அக்கா தலைமயிர் காயவைக்கும் கருவியோடு கூரைக்குள் ஏறியிருந்தார். சுற்றியிருந்த சாரங்களை அவிழ்த்து, உறைந்த குழாயின் மேல் சூட்டுக் காற்றை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். எங்காவது வெடித்திருந்தால் தண்ணீர் கொட்டப்போகிறதே என்று அத்தானும் நானும் வாளியோடு கீழே நின்று, காதைக் கூரையில் வைத்திருந்தோம். அந்தக் கருவியின் இரைச்சலுக்குள் அக்கா விக்கி விக்கி அழுவது கேட்டது. செய்தி வந்த பிறகு அவர் அழுதது அப்போதுதான். கடைசியில் சமையலறைக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஒழுங்காக ஓடியது. எங்கும் ஒழுகவில்லை.

ஏணியால் இறங்கிய அக்கா மற்றக் குழாய்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு பொயிலருக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். "ஐயா, குறை நினையாதேங்கோ" என்றார். திருகை அழுத்தினார். நீலச் சுடர் வந்தது.

சில நாட்களுக்குப் பிறகுதான் முழுச் செய்தி வந்தது. ஷெல்லடிக்குப் பயந்து, அயலவர்கள் காத்திருக்காமல், இறந்த அன்றே ஐயாவைப் பக்கத்துக் காணியில் எரித்துவிட்டார்களாம். கொழும்புக்காரருக்கே அது தெரியவில்லை. இங்கே அக்கா திருகைத் திருப்பியபோது அங்கே எல்லாம் எரிந்து அடங்கியிருந்தது. அக்கா "அப்ப ஐயா எங்களைக் காக்க வைக்கேல்லை" என்றார். பிறகு போய்க் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

போன மாரியில் அக்காவும் போய்விட்டார். பனி கொட்டிய நாள். செவன் கிங்ஸில் அவர் கடைசியாக இருந்த மகளின் வீட்டுக்குப் போனேன். அன்று என் சட்டைக்குள் கிடந்த குழந்தை, இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அடுப்பு துடைத்துக் கிடந்தது, மேசையில் யாரோ கொண்டுவந்த சாப்பாடு. ஆனால் வீடு கதகதவென்று இருந்தது. பழக்கத்தில் பொயிலருக்குக் கீழே குனிந்தேன். புதிய பொயிலர், துளையும் இல்லை, சுடரும் இல்லை, ஒரு பச்சை வெளிச்சம் மட்டும். அவள் என் பின்னால் வந்து நின்றாள்.

"ஓன் பண்ணித்தான் இருக்கு, சித்தி. அடுப்பை மூட்டாதை, ஆனா நான் செத்துக் கிடந்தாலும் பொயிலரிலை கை வைக்கக்கூடாது எண்டு அம்மா சொன்னவ. ஏன் எண்டு கேட்டன். உன்ரை கை குளிரும் எண்டு சொன்னவ."

நான் திரும்பி அவளுடைய கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.