படிக்கட்டுச் சுவரில் தவம் அக்கா

போன கிழமை டவுனுக்குப் போன இடத்தில் தவம் அக்காவைக் கண்டேன். சுவரில்!

பதறாதீர்கள். ஆள் சுகமாகக் கனடாவில் இருக்கிறார். ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் விசா ஆலோசனை நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏறும் படிக்கட்டுச் சுவரில், 'எம்மால் வெளிநாடு சென்றோர்' என்ற தலைப்புக்குக் கீழே, பாஸ்போர்ட் சைஸில் முறைத்துக்கொண்டிருந்தார். எம்மாலாம்! எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

தவம் அக்கா என் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் இல்லை. மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் மட்டக்களப்பு வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை துணிப்பையோடு வந்து குடியேறுவார். அப்படி, தன் தாய் தந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்தார் அக்கா. ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்த இரண்டு ஏக்கர் இரண்டாமவளுக்கு. மூன்றாமவளுக்குக் கனடா மாப்பிள்ளை. அக்காவின் கழுத்தில், காதில் கிடந்ததெல்லாம் அவளோடு விமானம் ஏறிவிட்டது.

அந்த மூன்றாமவளுக்குத் தலைப்பிரசவம். புருஷன் இரண்டு வேலை செய்கிறான். "அம்மா, நீங்க வராட்டி எனக்கு ஆருமில்ல" என்று தினமும் போனில் அழுகை. அக்கா பிரசவத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மேல்மாடி ஆலோசகரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? நான்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து அக்காவின் மடியில் விட்டவள் நானே.

என்ன செய்ய, அறை அப்படி! கண்ணாடி மேசை, ஏசி, சுவரில் நான்கு மணிக்கூடுகள் — டொரொண்டோ, லண்டன், சிட்னி, மட்டக்களப்பு. எங்கள் ஊர் மணிக்கூடு மட்டும் ஓடவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆலோசகர் ஃபோர்ம் நிரப்பினார். "சொத்து என்ன இரிக்கு?"

"எல்லாம் குடுத்து முடிச்சாச்சு தம்பி" என்றார் அக்கா, தலையை நிமிர்த்திக்கொண்டு. பெருமை இருக்காதா? மூன்று பெண்களைக் குறையில்லாமல் கரைசேர்த்த மனுஷி.

ஆலோசகர் 'இல்லை' என்று எழுதினார். தொழில்? இல்லை. வருமானம்? இல்லை. வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் பதில் வந்தது. அதுவும் இல்லைதான். நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்பதில் எமக்குத் திருப்தியில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் கையில் ஒன்றும் மிச்சம் வைக்காத தாய்தான் மரியாதையான தாய். விசா ஒஃபிசில் அவளே நாடு திரும்பாமல் ஓடிப்போகக்கூடிய ஆள்! அவர்களைக் குறை சொல்லி என்ன? கடதாசியில் இருந்ததைத்தான் வாசித்தார்கள். கடதாசியை நிரப்பிய மகான் இந்த மண்ணில்தானே பிறந்தார்?

மகான் அசரவில்லை. "சிம்பிள் அக்கா. வீட்டை மகளிட்ட இருந்து உங்கட பேருக்கு மாத்துங்க. மூணே மூணு மாசத்துக்கு. விசா வந்த மறுகா திருப்பி எழுதிக் குடுங்க."

கொடுத்த சீதன வீட்டைத் திருப்பிக் கேட்பதா? கொழும்பில் பிறந்தவன் சொன்னால் மன்னிக்கலாம். மட்டக்களப்பான் சொல்லலாமா?

ஆனால் பிரசவம் நெருங்குகிறது. அக்கா தயங்கித் தயங்கி மூத்தவளிடம் கேட்டார். அவள் சம்மதித்தாள். வாடகை வான் வண்டி ஓட்டும் மருமகனோ சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தார். வந்தபோது கொண்டுவந்த மாதிரியே ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, பனிச்சங்கேணியிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒருத்திக்குப் பிரசவம் பார்க்கப் போய், இன்னொருத்தியின் குடும்பத்தைப் பிரித்த கதை. அக்கா என் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வந்திருந்து, "எண்ட புள்ளைட வாழ்க்கையை நானே கெடுத்துப்போட்டன்கா" என்று அழுதார். நான் எந்த முகத்தோடு ஆறுதல் சொல்வது?

ஆனாலும் வீட்டை மாற்றி உறுதிப்பத்திரம் எழுதச் சட்டத்தரணியிடம் போனோம். சின்ன வயதுப் பெண். விஷயத்தைக் கேட்டதும் பேனையை மூடினார்.

"அம்மா, நேற்று எழுதின உறுதியைக் காட்டினா அவங்களுக்கு விளங்காதா? ஏமாத்தப் பாக்கிறீங்க எண்டு முடிவெடுத்தா, அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கம் போகேலாது. ஆர் இந்தப் புத்தி சொன்னது? கனடா விசா பாக்கிறதுக்கு அவருக்கு லைசென்ஸ் இரிக்கா?"

லைசென்ஸா? நேரே மேல்மாடிக்கு ஏறினேன். கேட்டேன். ஆலோசகர் பெருமையோடு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பத்திரத்தைக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வியாபாரப் பதிவுப் பத்திரம். வியாபாரத்தின் தன்மை: ஃபோட்டோ கொப்பி, லெமினேட்டிங்.

பிறகு நடந்ததெல்லாம் நேர்வழி. மகள் கனடாவிலேயே உரிமம் உள்ள ஒரு வழக்கறிஞரைப் பிடித்தாள். அவர் வீடியோவில் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் வீடு எங்கே போனது?" அக்கா உள்ளதைச் சொன்னார். அதையே எழுதினார்கள் — எங்கள் வழக்கம் இது, இவைதான் சீதன உறுதிகள், மூத்தவளின் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது இவர்தான், பிறக்கப்போகும் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு முடித்ததும் திரும்புவார்.

உண்மை எழுதினால் விசா நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் ஒரு மேல்மாடி வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது. பிரசவத்துக்கு ஒன்பது நாள் இருக்கப் போய் இறங்கினார்.

கட்டுநாயக்காவுக்கு வான் ஓட்டியது யார் தெரியுமா? அதே மருமகன். உறுதி எழுதவில்லை என்று அறிந்ததும் துணிப்பையோடு வீட்டுக்கே கிறுகி வந்துவிட்டார். பொலன்னறுவை தாண்டும்வரை வாயே திறக்கவில்லையாம். பிறகு, "மாமி, குளிர்ச்சட்டை எடுத்து வெச்சீங்களா?" என்றாராம். அக்கா அந்த இடத்திலிருந்து எயார்போட் வரை அழுதிருக்கிறார்.

இப்போது விளங்குகிறதா எனக்கு ஏன் கொதித்தது என்று? ஃபோர்முக்காக வாங்கிய படத்தில் மிச்சமிருந்த ஒன்றைத்தான் ஒட்டியிருக்கிறார் அந்த மகான்.

அன்று பின்னேரமே கனடாவுக்குக் கோல் எடுத்தேன். "அக்கா, நாளைக்கே போய்க் கிழிச்செறியிறன்!"

பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அக்கா சிரித்தார்.

"விடுகா. ஒண்டும் இல்லாதவள் எண்டுதானே எழுதினான்? இப்ப டவுனுக்குள்ள ஒரு சுவராவது எண்ட பேர்ல கிடக்கட்டும்."