மாதங்கி சொல்லாமல் விட்ட பாதி

மகன் மாதவ் அமெரிக்கா போனபின் டில்லி கிட்வாய் நகர் வீட்டில் மாதங்கிக்குச் சுவர்தான் பேச்சுத்துணை. வெறுத்துப்போய், இந்தி தெரியாமல் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு டாக்டர் பேச்சைத் தமிழில் சொல்லக் கிளம்பிவிட்டாள்.

அன்று டாக்டர், "இனி வைத்தியமில்லை, பையனை வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்று இந்தியில் சொன்னார். மாதங்கி பின்பாதியை மட்டும் சொன்னாள்.

"சரியாயிட்டானாம்மா!" பையனைப் பெற்றவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையைப் பிடித்துக்கொண்டு முன்பாதியையும் சொல்ல வேண்டியதாயிற்று. சாயங்காலம்வரை அவள் மாதங்கியின் மடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீடு திரும்பியதும் மாதவின் போன்.

"போரடிக்கறதாம்மா?"

"இல்லைடா. விடிகாலம் ஒரு குழந்தையை ரயிலேத்தணும். வெச்சுடறேன்."

அவன் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருக்கிறவள், அன்று முந்திக்கொண்டாள்.