பந்தியில் கடைசி ஆள்

என் கணவர் ஒருமுறை பசியால் சாகப் பார்த்தார். சோற்றுக்கு வழியில்லாமல் அல்ல. ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில், பந்திக்கு நடுவில் நின்றுகொண்டு. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது அந்தக் கல்யாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு. சோமனூரில் எங்களுக்கு ஒரு சிறிய தறி குடோன் இருக்கிறது. அதுவரை அவருடைய சாப்பாட்டு நேரத்தைத் தறிகள்தான் முடிவு செய்தன. ஒரு தறி நின்றால் காலைச் சாப்பாடு மதியத்துக்குப் போகும். நூல் வண்டி வந்தால் மதியச் சாப்பாடு சாயங்காலத்துக்குப் போகும். நடுவில் வயிற்றைச் சமாதானம் செய்யப் பேக்கரி டீயும் தேங்காய் பன்னும். ராத்திரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பிடி பிடிப்பார்.

கோவையில் நாங்கள் பார்த்த டாக்டருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பெரிய வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடுங்க, நேரத்துக்குத் தூங்குங்க, தினமும் நடங்க, மாத்திரையை விடாதீங்க. அவ்வளவுதான் சார்." இவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஆகட்டுங்க" என்றார். அவருடைய "ஆகட்டுங்க"வை நான் நம்பிக் கெட்டது போதும். அதனால் வீட்டுக்கு வந்ததும் நானே களத்தில் இறங்கினேன்.

முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு குடித்தார். அப்புறம் நடை. நூல் வண்டி வரும் என்றார், முழங்கால் வலி என்றார், நாய் துரத்துகிறது என்றார். நாயைச் சாக்குச் சொன்ன நாளில் நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினேன். அதற்குப் பிறகு நாயைப் பற்றிப் பேச்சில்லை. தூக்கத்துக்குத்தான் பெரிய சண்டை. போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிய அன்று அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஆச்சரியம் என்னவென்றால், கொஞ்ச நாளில் என்னைவிட அவர்தான் தீவிரமாகிவிட்டார். மாத்திரைக்கென்று போனில் அலாரம் வைத்துக்கொண்டார். அது அடித்தால் பேசிக்கொண்டிருக்கிற வாய் அப்படியே நிற்கும், மாத்திரை உள்ளே போகும். வருகிறவர்களிடம் எல்லாம், "மனுசனுக்குப் பழக்கந்தானுங்க எல்லாம்" என்று வேறு சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவர் ரத்தத்தில் ஊறியது. அதை நானும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அது எனக்கும் ஊறியதுதான்.

பந்திக்கு முந்து என்று பழமொழி சொன்னவர் நிச்சயமாக எங்கள் பக்கத்து ஆளாக இருக்க முடியாது. எங்களில் விசேஷ வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். அதற்கு முன்னால் இலை இலையாகப் போய், "நல்லாச் சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். கை கழுவுகிற இடத்தில் நின்று, "சாப்பாடெல்லாம் எப்படீங்க" என்று கேட்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர் சாப்பிடாமல் போனாலும் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நாம் சாப்பிட்டோமா என்று கேட்க ஒருவரும் வர மாட்டார்கள். அதில் ஒரு கௌரவம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அன்று சத்தியமங்கலத்தில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். இவர் தாய்மாமன். முகூர்த்தம் விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது. டிபன் பந்தி ஆரம்பிக்கிற நேரத்துக்கு அலாரம் அடித்தது. என் கண்ணெதிரிலேயே மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"பாத்தியா அம்மணி, கல்யாணத்துலயும் நான் மறக்கல."

"அப்படியே போய் உக்காந்து சாப்பிட்டுப்போட்டு வந்துருங்க," என்றேன்.

"இந்த ஒரு பந்தி எந்திரிக்கட்டும். தாய்மாமன் மொதல்ல போய் உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது என்றுதான் எனக்கும் தோன்றியது. நான் சீர்த்தட்டுகளை எடுத்து வைக்க மணப்பெண் அறைக்குப் போய்விட்டேன். அங்கே நகையைச் சரிபார்ப்பதும் புடவையை மடிப்பதுமாக நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வரும்போது எத்தனையோ பந்திகள் எழுந்துவிட்டிருந்தன.

இவர் வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். "இவுங்களுக்கு இன்னொரு தோசை வைங்க", "சட்னி கொண்டாங்க" என்று குரல் கேட்டது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது. அலைச்சல் என்று நினைத்து அருகில் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்கம்மா, வாங்க. எந்த ஊருங்க? சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்."

கேலி செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். "வெளையாடாதீங்க, வாங்க" என்று கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது, நடுங்கியது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அது தெரியாதவர்களுக்கு அவர் கொடுக்கிற சிரிப்பு. கண் என் முகத்தில் நிற்கவே இல்லை. அவர் விளையாடவில்லை, என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சர்க்கரை இறங்கினால் இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சமையற்கட்டுக்கு ஓடினேன். சர்க்கரை மூட்டையில் கையை விட்டு அள்ளி, டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிக்கொண்டே திரும்பி ஓடி வந்தேன். அவர் வாயருகில் கொண்டுபோனால், மனுஷன் டம்ளரை என் பக்கமே தள்ளுகிறார்.

"நீங்க குடிங்கம்மா. விருந்தாளி மொதல்ல. நான் பொறவு பாத்துக்கறேன்."

பெயர் மறந்துவிட்டது, பெண்டாட்டி மறந்துவிட்டது, உபசாரம் மட்டும் மறக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் சாப்பிட்டாச்சுங்க, எல்லாரும் சாப்பிட்டாச்சு, கடைசி ஆள் நீங்கதான், குடிங்க!" என்று கத்தினேன். அந்தச் சொல் எப்படியோ உள்ளே போயிருக்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் போனது. சுற்றி நின்றவர்கள், "பித்தமாட்ட இருக்குது, எலுமிச்சம்பழம் கொண்டாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் மேல் வந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"அம்மணி," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "என்ற சட்டை ஏன் இப்படி நனஞ்சு கெடக்குது?"

பட்டுப்புடவையோடு அந்த எச்சில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா உயிருக்கே ஆபத்து சார். முதல்ல இலையில உட்காருங்க, அப்புறம் மாத்திரையை எடுங்க," என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு எப்போதும்போல, "ஆகட்டுங்க" என்றார்.

ஆனால் சொந்தக்காரர்களிடம் பித்தம் என்றே சொல்லிவிட்டார். நானும் ஆமாம் போட்டேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பையனும் அங்கேயே இன்னொரு கம்பெனியில். நல்ல இடம். அப்பனுக்குச் சர்க்கரை என்றால் நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்கள், நிச்சயம் முடிகிறவரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார் இவர். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

நிச்சயதார்த்தம் எங்கள் ஊர் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே இவரைச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். உள்ளறையில் இலை போட்டு இட்லியும் வைத்தாயிற்று. உட்கார்ந்தார். மாத்திரையை விழுங்கினார். இட்லியில் கை வைக்கப் போன நேரத்தில் வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம்.

"சம்பந்தி வந்துட்டாருங்களாட்ட இருக்குது!"

"ரெண்டு வாய் வச்சுப்போட்டுப் போங்க," என்று சட்டையைப் பிடித்தேன். சட்டை கையோடு வரவில்லை, அவ்வளவுதான். மனுஷன் வாசலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எதைப் பேசினார்கள், எந்தத் தட்டை யார் வாங்கினார்கள் என்று என்னைக் கேட்டால் தெரியாது. நான் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்க்கிறதா, இல்லையா. மகள் மோதிரம் போட்டுக்கொண்டதைக்கூட வீடியோவில்தான் பார்த்தேன். நடுவில் அவருக்கென்று இரண்டு பங்கு சர்க்கரை போட்டு ஒரு காபி கொடுத்தனுப்பினேன். அதை அப்படியே சம்பந்தியிடம் நீட்டினார். அவர், "நீங்க குடிங்க" என்று திருப்பி நீட்டினார். இவர் மறுபடி நீட்ட, அவர் வாங்கிப் பக்கத்திலிருந்த பெரியவரிடம் கொடுத்துவிட்டார். பெரியவர் ரசித்துக் குடித்தார்.

பந்திக்கு எல்லாரும் எழுந்தபோது இவருடைய கை வேட்டி நுனியைத் திருகத் தொடங்கியிருந்தது. வரிசை நிறைந்துவிட்டது. முதல் இரண்டு இலைகள் மட்டும் காலி. அந்த இலைகளுக்கு முன்னால் இரண்டு சம்பந்திகளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி."

"நீங்க உக்காருங்க, பொறவு நான்."

"அதெப்படீங்க, எங்க ஊருக்கு வந்துபோட்டு..."

"பொண்ணு குடுக்கறவுங்க நீங்க, நீங்கதானுங்க மொதல்ல."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு மரியாதையாகத் தெரிந்திருக்கும். சிலர் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். நான் இவர் முகத்தில் முதல் வேர்வையைப் பார்த்துவிட்டேன். என் கால் தானாக நகர்ந்தது. அருகில் போனபோதுதான் எதிரில் நின்ற சம்பந்தியின் முகத்தையும் பார்த்தேன். அவருக்கும் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. துண்டைப் பிடித்த கை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம்.

"ரெண்டு பேரும் உக்காருங்க!" என்றேன்.

வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் பெண்ணைப் பெற்றவள் கத்துவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. இனி எது போனாலும் போகட்டும் என்று எனக்கு ஆகிவிட்டது.

"இவருக்குச் சுகருங்க. மாத்திரை போட்டுப்போட்டு வெறும் வயித்துல நிக்கறாரு. உங்களுக்கும் அப்படித்தானுங்களே? உக்காருங்க. மரியாதையெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இவரும் உட்கார்ந்தார். நான் பரிமாறுகிறவர் கையிலிருந்து பாயசத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி இரண்டு பேருக்கும் ஊற்றினேன்.

யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா. முகம் வெளுத்திருந்தது.

"சொல்லோணும்னுதானுங்க இருந்தேன்," என்றாள் தணிந்த குரலில். "அவருதான் வேண்டாம்னுபோட்டாரு. சுகர்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு."

"நாங்களும் அதுக்குத்தானுங்க சொல்லல. பொண்ணு எடுக்க மாட்டீங்கன்னு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "போன தை மாசம் ஒரு விசேசத்துல பந்தி விசாரிச்சுக்கிட்டே கீழ உழுந்துட்டாருங்க. பக்கத்துல நான் இல்ல. என்னன்னு யாருக்கும் தெரியல." என் முழங்கையைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவே இல்லை.

எங்கள் எதிரில் இரண்டு பேரும் குனிந்து பாயசத்தைக் குடித்தார்கள். பிறகு சோற்றில் கை வைத்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் பெண் கொடுத்தவள், யார் எடுத்தவள் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.