நிக்கணும்னு சொன்ன வண்டி

ஸ்பேனர் அக்கா முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே கையை விட்டு பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் முழுக்கப் பொடிப்பொடியாய் வெடிப்பு. நகத்தால் கீறியதும் ஒரு வெடிப்பு வாயைப் பிளந்தது. இருபத்திரண்டு வயதான ஸ்போர்ட்ஸ் கார். அவள் தம்பி வாங்கி மூன்று மாதம். விடிந்தால் மகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, விடுதியில் விடப்போகிறான். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள்.

வாசலில், அக்கா வரவழைத்திருந்த பார்சலைப் பிரித்த தம்பிக்கு முகம் சிவந்தது.

"என்னக்கா இது? ஸ்பிரிங் எங்க?"

"எந்த ஸ்பிரிங்?"

"வண்டியைத் தாழ்த்துற ஸ்பிரிங்! வண்டி கும்முனு நிக்கணும்னு போன்ல சொன்னேன்ல?"

"சொன்னே. நிக்கிறதுக்கு வேண்டியதைத்தான் வரவழைச்சேன். நாலு ஹோஸ், பிரேக் பேட், பிரேக் ஆயில். பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் ஒழுகுது, அதுக்கும் புதுசு."

"நான் சொன்னது பார்க்க அழகா நிக்கிறது!"

"என் பட்டறையில நிக்கிறதுன்னா நிக்கிறதுதான்டா. அந்த ஸ்பிரிங்கைப் போட்டா முதல் குழியிலேயே வண்டி அடிவயித்தைத் தேச்சுக்கும்."

கணவர் முதுகு முறிந்து படுக்கையில் விழுந்தபின் பட்டறை இவள் கைக்கு வந்து பதினைந்து வருஷம். காலையில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு வந்துதான் ஷட்டரைத் தூக்குவாள். பூசி மெழுகிப் பேச அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

தம்பி வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, பளபளவென்று இருந்த, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஒரு குழாயைக் காட்டினான். "இதையாவது மாட்டு. உறுமும் பாரு."

"திறந்த குழாய் எஞ்சின் சூட்டைத்தான் இழுக்கும். பழைய டப்பாவுல புது ஏர் ஃபில்டர் போதும். சத்தம் வேணும்னா ஹாரன் அடி."

"மூணு மாசமா இதே ஹோஸ்லதானே ஓட்டினேன்? சாவியைக் குடு. நான் கிளம்பறேன்."

அவள் சாவியைத் தரவில்லை. எஞ்சினை ஓடவிட்டாள். சக்கரம் இருந்த இடத்துக்குக் கீழே வெள்ளைத் தாளை விரித்தாள். "சீட்டுல உட்காரு. பிரேக்கைப் பத்து தடவை அமுக்கு. குழந்தை குறுக்க ஓடி வந்தா அமுக்குவியே, அப்படி."

அமுக்கினான். ஹோஸ் நரம்புபோல் புடைத்துத் தணிந்தது. நாலு. ஐந்து. "இப்ப என்னவாம்?" என்று நக்கலாகக் கேட்டான். ஏழாவதில் பட்டென்று ஒரு சத்தம். பெடல் தரையைத் தொட்டது. தாள் முழுக்க எண்ணெய்.

தம்பி காலை எடுக்கவில்லை.

"பிடிச்சது போதும், எழுந்திரு. வேலை கெடக்கு," என்றாள்.

ஹோஸ், பேட், ஷாக் எல்லாம் மாற்றியபின், லைனில் இருந்த காற்றை வெளியேற்ற அவன் பெடலில் காலை வைத்து உட்கார்ந்தான். அவள் கீழே படுத்தாள். "அமுக்கு." "பிடி." "விடு."

மறுநாள் காலை பட்டறைச் சரிவில் அவள் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். தம்பி மேலிருந்து வேகமாக வந்து பிரேக் பிடித்தான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"கும்முனு நிக்குதா?"

அவன் பின்பெட்டியில் இருந்த குழாயைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் மகளின் பெட்டியை ஏற்றினான்.