சல்பேட் வந்த தெரு

ஆவடிப் பக்கம் ஒரு சின்ன கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்குப் பரிசோதனைக்கூட வேலை. கழிவுநீரில் படியும் கசடைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வைப்போம். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயு தரும். எங்கள் கேன்டீன் அடுப்பு எரிவது அதில்தான்.

ஒருநாள் காலை ஆபரேட்டர் அண்ணன் முகத்தைச் சுளித்தபடி வந்தார்.

"மேடம், இன்னானு தெர்ல, அடுப்பு அழுவுது. அழுகின முட்ட நாத்தம் வேற. டீயே இல்ல!"

"முதல்ல அடுப்ப அணைங்கண்ணா. அது விஷ வாயு."

அந்த வாயு பட்டு என் வெள்ளி மோதிரமும் கறுத்துப்போயிருந்தது. தொட்டிக்குள் போகும் கசடைச் சோதித்தேன். சல்பேட் என்ற கந்தக உப்பு ஏகத்துக்கும் இருந்தது.

"பூச்சிங்க செத்துட்ச்சா?" என்றார் கவலையாக.

"இல்லண்ணா. உள்ள ரெண்டு கூட்டம் இருக்கு, ரெண்டுக்கும் ஒரே சாப்பாடு. சல்பேட் வந்தா நாத்தம் விடுற கூட்டம் முந்திக்கும். மீத்தேன் கூட்டம் பட்டினி. அந்த நாத்தமே அதுக்கு விஷமும்கூட."

"அப்ப பந்தில எடம் புட்ச்ச கதைதான்!"

அவருடைய ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார, சாக்கடைக் குழாய் வந்த வழியே தெருத்தெருவாகப் போனோம். ஒவ்வொரு மூடியையும் அவர் திறக்க, நான் தண்ணீர் மொண்டு பேரியம் குளோரைடு சொட்டு விட்டேன். சல்பேட் இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். ஒரு தெருமுனையில் பாட்டில் பாலாகவே மாறியது. எதிரே துணி சோப்புத்தூள் கலக்கும் புதுக் கொட்டகை. சோப்புத்தூளுக்கு எடை கூட்டச் சேர்ப்பது சோடியம் சல்பேட்தானே!

கொட்டகையின் உரிமையாளரான பெண்மணி பதறிப்போனார். "எங்க தண்ணில சோப்பு வாசனதான் வரும், நாறாதே மேடம்!"

"இங்க நாறாது. எங்க தொட்டிக்கு வந்துதான் நாறும்."

அவர் சண்டைக்கு நிற்கவில்லை. சிந்திய தூளைக் கழுவி விடாமல் கூட்டி அள்ளச் சொன்னார். கழுவும் தண்ணீரைத் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்புக்கு லாரியில் அனுப்பவும் ஏற்பாடு செய்தார். நாங்கள் தொட்டியில் இரும்பு உப்பு கலந்து நாற்றத்தைக் கட்டினோம். மெல்ல மெல்ல மீத்தேன் ஏறியது. கேன்டீன் அடுப்பு மறுபடி நன்றாக எரிந்த அன்று எனக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

ஒரு மத்தியானம் அந்தப் பெண்மணியே தொட்டியைப் பார்க்க வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தவர் கேட்டார்: "இதுங்களுக்கு பொங்கலுக்காவது லீவு உண்டா?"

"ஊரே மூக்கு முட்ட துன்ற நாளாச்சே, அன்னைக்குத்தாங்க இதுங்களுக்கு ஓவர்டைம்!" என்றார் அண்ணன்.