உண்ணாமலை எடுத்துப்போன தகரப் பெட்டி

2004ஆம் வருஷம் மாசி மாதம், நாற்பத்தேழாவது வயதில், உண்ணாமலை கிராம சுகாதார செவிலியர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கினார். கையோடு பழைய மெட்டடோர் வேன் ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டார். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி சகாதேவனைப் படிக்க வைத்தார். தம்பி கட்டிய வீட்டின் பின்னறையில் பதினோரு வருஷம் இருந்தார். அந்த அறையின் ஃபேனுக்கு சுவிட்ச் கூடத்தில் இருந்தது. ஒயரிங் செய்தவன் செய்த கோளாறு என்றார்கள். கூடத்தில் போகிறவர் வருகிறவர் யாராவது அதை அணைத்துவிட்டுப் போவார்கள். இவர் எழுந்து போய் மறுபடி போடுவார். கடைசிவரை அந்த சுவிட்சை யாரும் இடம் மாற்றவில்லை.

வேனில் ஒரு கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், மருந்துப் பெட்டி. பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் பாதையோரம் வண்டியை நிறுத்துவார். வெறுங்காலோடு மலை சுற்றி, பாதம் கொப்பளித்து வருகிறவர்களை உட்கார வைத்து, காலைக் கழுவி, கட்டுப் போட்டு அனுப்புவார். தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன பம்பு, ஒரு விளக்கு, தூங்கும்போது ஒரு ஃபேன். அவ்வளவுதான் அவருக்கு வேண்டிய கரன்ட். ரமணாசிரமம் பக்கம் வேனில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் வண்டி மேலிருந்த நாற்பது வாட் சோலார் பேனலைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பேட்டரி வாங்க டவுனில் சக்கரபாணி கடைக்குப் போனார். இருபது வருஷமாக பேட்டரி விற்கிறவர் சக்கரபாணி.

"பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல, பேட்டரி ரொம்புனா கரன்ட்ட நிறுத்துற ஏதோ பெட்டி வெக்கணும்னு அந்த வெள்ளக்காரர் சொன்னாரே?" என்று கேட்டார் உண்ணாமலை.

"சார்ஜ் கன்ட்ரோலரா? இத்தினியூண்டு பேனலுக்கு அது எதுக்கும்மா? நேரா மாட்டுங்க."

நேராக மாட்டினார். சித்திரை, வைகாசி வெயில் பேட்டரியை விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதத்தில் வண்டிக்குள் ஆசிட் நெடி. மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றி, உள்ளே தகடுகள் வெளியே தெரிந்தன. அந்தப் பேட்டரிக்கு ஒரு முழம் தள்ளித்தான் அவர் தலை வைத்துப் படுத்திருந்தார்.

அழவில்லை. கோபம்தான் வந்தது. கடைக்காரர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் ஜாஸ்தி வந்தது. இருபத்தைந்து வருஷம் ஊசி போட்ட கை. மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒருநாளும் போட்டதில்லை. இதில் மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டு மாட்டிவிட்டோமே!

வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் வேறொரு பேட்டரியும் வாங்கினார். புதிய பேட்டரியோடு வந்த தாளை வரி விடாமல் படித்தார். பதினாலு புள்ளி நாலு வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, பதினொன்றுக்குக் கீழே இறக்கக் கூடாது. பேனலை மீட்டரில் பார்த்தார். உச்சி வெயிலிலும் அது தருவது இரண்டரை ஆம்பியர்தான். காய்ச்சல்காரர்களுக்குச் சூடு குறிக்கும் பழைய அட்டை ஒன்றில், மூன்று வேளையும் பேட்டரியின் வோல்ட்டைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்.

ஆனி மாதம் ஒரு காலை வேளை, வேனையே ஓட்டிக்கொண்டு போய் சக்கரபாணி கடை வாசலில் நிறுத்தினார். சார்ஜ் கன்ட்ரோலர் கேட்டதும் சக்கரபாணி மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று திரை வைத்த, இருபது ஆம்பியர் பெரிய பெட்டி. இன்னொன்று மூன்று கலர் விளக்கு எரியும் பிளாஸ்டிக் பெட்டி. மூன்றாவது, ஆறு ஆம்பியர் தகரப் பெட்டி. அதற்குப் பெயிண்ட்கூடச் சரியாக அடிக்கவில்லை.

"பெருச எடுத்துக்குங்க. நம்பர்லாம் தெரியும் பாருங்க."

"எத்தினி வோல்ட்ல ஏத்துறத நிறுத்தும்? எத்தினில விளக்க அணைக்கும்?"

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும்மா. வீட்ல ஆம்பளைங்க யாருனா இருந்தா வரச் சொல்லுங்க, புரியுற மாதிரி சொல்றேன்."

"வீட்ல நான்தான் இருக்கேன். வீடு உங்க வாசல்லதான் நிக்குது, வந்து பாருங்க. மூணையும் மாட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேன் மேல் ஏறி, பேனலைத் துடைத்தார். தெருவில் கூட்டம் நின்றது. நூல் வாங்க டவுனுக்கு வந்திருந்த சகாதேவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

"அக்கா, இன்னாக்கா இது? ஊரே பாக்குது. எறங்கு கீழ."

"பாக்கட்டும்."

"வீட்டுக்கு வாக்கா. கரன்ட் இருக்கு, ஃபேன் இருக்கு. இந்தக் கூத்துலாம் எதுக்கு?"

"ஃபேன் இருக்குதுடா. சுவிட்ச் யார் கைல இருக்குது?"

சகாதேவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறியது. பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. முதலில் திரை வைத்த பெட்டியை மாட்டினார். மீட்டரில் பதினாலரை, பதினைந்து, பதினைந்து புள்ளி ஒன்று. அது நிறுத்துவதாயில்லை. வேறு வகை பேட்டரிக்குச் செய்தது, மாற்றி வைக்க அதில் வழியும் இல்லை. கழற்றினார். பிளாஸ்டிக் பெட்டி பதினாலு புள்ளி மூன்றில் ஒழுங்காக நின்றது. ஆனால் கடையில் கிடந்த, சாகப்போகிற ஒரு பேட்டரியில் விளக்கோடு சேர்த்து மாட்டினால், பத்துக்குக் கீழே இறங்கியும் விளக்கை எரிய விட்டது.

தகரப் பெட்டி பதினாலு நாலில் நிறுத்தியது. சாகப்போகிற பேட்டரியில் பதினொன்றைத் தொட்டதும் டக்கென்று விளக்கை அணைத்தது. உண்ணாமலை அதையே மூன்று தடவை செய்து பார்த்தார்.

சக்கரபாணி பக்கத்தில் வந்து நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது ஆம்பியர் பெட்டி விக்கலாம்னு பாத்தா, கம்மி வெல பெட்டிய விக்க வெச்சிட்டீங்களே" என்றார் சிரித்தபடி.

"என் பேனல் ரெண்டரதாங்க தருது. ஆறே ஜாஸ்தி. இருபத வெச்சு நான் இன்னா பண்ண? முன்ன நேரா மாட்டச் சொன்னீங்களே, அந்தப் பேட்டரிய எடுத்தாந்திருக்கேன். பழசு எடுத்துக்கறவர்கிட்ட நீங்களே போட்டுடுங்க. அடுத்து வர்றவங்களுக்கு அப்பிடிச் சொல்லாதீங்க."

சக்கரபாணி பழைய பேட்டரியை உள்ளே தூக்கி வைத்தார்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன் ஐந்து நாள் விடாமல் மழை. வெயில் முகமே காணோம். மூன்றாம் நாள் சாயங்காலம் தகரப் பெட்டி விளக்கையும் பம்பையும் நிறுத்தியது. பெட்டியைத் தாண்டி ஒயரை நேராக மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லப் பலர் இருந்தார்கள். உண்ணாமலை மாட்டவில்லை. அரிக்கேனை ஏற்றி வைத்து, குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கால் கழுவினார். ஆறாம் நாள் வெயில் வந்தது. மத்தியானத்துக்குள் பெட்டி தானாக விளக்கைத் திரும்பக் கொடுத்தது. அந்தப் பேட்டரி நாலு வருஷம் உழைத்தது.

அவர் ஏழு வருஷம் அந்த வேனில் வாழ்ந்தார். இடையில் ஒருநாள் பஞ்சாயத்து ஆள் ஒருவர் வந்து, ரோட்டோரம் பொம்பள தனியா இருக்கக் கூடாது, எடும்மா வண்டிய என்று அதட்டினார்.

"எடுக்கறேங்க" என்றார் உண்ணாமலை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பத்தடி தள்ளி, பேனல் மேல் புளியமர நிழல் விழாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்.